அளவு நழுவும் முன்பே பிடியுங்கள்: லேத் ஆபரேட்டருக்குச் சில வழிமுறைகள்

தரம் பார்ப்பது இன்ஸ்பெக்ஷன் ஆட்களின் பொறுப்பு என்று சிஎன்சி லேத்துக்கு (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம்) புதிதாக வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பீஸ் அவர்கள் மேசைக்குப் போகும்போது வெட்டு முடிந்துவிட்டதே! அதைச் சரியாக வெட்ட வைப்பது மெஷின் முன்னால் நிற்கிற நாம்தான்.

முதலில் அளக்கும் மைக்ரோமீட்டரைத் துடைத்து, மூடினால் ஜீரோ காட்டுகிறதா பாருங்கள். அடுத்து, முதல் பீஸில் டிராயிங்கில் உள்ள எல்லா அளவுகளையும் பாருங்கள். இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றினால் அடுத்து வருவதும் முதல் பீஸ்தான், மறுபடி எல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை பீஸைக் கட்டும் முன்பும் அதைப் பிடிக்கும் ஜாவைச் சுத்தம் செய்யுங்கள். பொடிச் சில்லு ஒன்று இடையில் இருந்தால் போதும், பீஸ் சாய்ந்து உட்காரும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. 50 மி.மீ. விட்டம், டாலரன்ஸ் (அனுமதித்த விலகல்) கூடினாலும் குறைந்தாலும் 0.02 வரை என்று வைத்துக்கொள்வோம். பத்து பீஸுக்கு ஒருமுறை அளக்கிறீர்கள்: 49.99, 50.00, 50.01. மூன்றும் ஓகேதான். ஆனால் அளவு ஏறிக்கொண்டே வருகிறது, இன்செர்ட் தேய்கிறது. 50.02 தாண்டும்வரை காத்திருக்காமல் இப்போதே ஆஃப்செட்டில் (டூல் நிலையைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்) 0.01 குறையுங்கள். உள்துளை என்றால் இது தலைகீழ். தேயத் தேயத் துளை சிறுக்கும். அதற்காக ஒரே ஒரு பீஸ் எகிறியதும் ஆஃப்செட்டில் கை வைக்காதீர்கள். பிசிறைத் துடைத்து மறுபடி அளங்கள், அடுத்த பீஸையும் பாருங்கள்.

சூட்டோடு அளப்பதும் ஏமாற்றும். 50 மி.மீ. ஸ்டீலின் சூடு 20 டிகிரி கூடினால் விட்டம் ஏறக்குறைய 0.012 மி.மீ. கூடும். மொத்தம் 0.04 தான் இடம் இருக்கிறது, அதில் கால்வாசிக்கு மேல் சூடே தின்றுவிடும். ஆறவிட்டு அளங்கள்.

ரிஜெக்ட் வந்தால் மெஷினை நிறுத்துங்கள். உற்பத்தி எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். கடைசியாகச் சரி என்று அளந்த பீஸுக்குப் பின் வந்த அத்தனையையும் தனியே எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அளங்கள். இதில் சோம்பல் பட்டால் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அந்தப் பீஸை வாங்கிப் பொருத்துகிறவர் நம்மை நம்பித்தான் பொருத்துகிறார்.

ஷிஃப்ட் மாறும்போது கடைசி அளவு, மாற்றிய ஆஃப்செட், இந்த இன்செர்ட்டில் எத்தனை பீஸ் ஓடியது, இம்மூன்றையும் எழுதி அடுத்தவர் கையில் கொடுங்கள்.