பிரனேசியின் ‘சிறைகள்’: நீங்கள் பார்ப்பது எந்தப் பதிப்பு?

ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசி (1720–1778) வெனிஸ் பக்கத்துக்காரர். பிழைப்பும் புகழும் ரோமில். அங்குள்ள இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் எட்சிங் செய்து (கோடுகளை அமிலத்தால் அரித்து, மை பூசி அச்செடுக்கும் முறை), ஊர் பார்க்க வருபவர்களுக்கு விற்றுப் பேர் வாங்கியவர். இணையத்தில் அதிகம் சுற்றுவது என்னவோ அவருடைய கற்பனைச் சிறைகள்தான் (‘கார்ச்செரி’). ஒரே படம் ஓரிடத்தில் வெளிறியும் இன்னோரிடத்தில் கன்னங்கரேலென்றும் இருக்கும். ஸ்கேனரைத் திட்ட வேண்டாம், பதிப்பே வேறு.

1. நல்ல படம் எடுங்கள். வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் தளத்தில் இரண்டு பதிப்பும் இலவசமாகக் கிடைக்கும். பின்ட்ரெஸ்ட் பக்கமே போகாதீர்கள். ஓரத்தை வெட்டிவிடுவார்கள், நமக்கு வேண்டியதே அந்த ஓரம்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டேப் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒன்றும் மனசில் நிற்காது.

2. முகப்புத் தகடு. 1750 வாக்கில் வந்த முதல் பதிப்பில் ‘புசார்ட்’ (Buzard) என்று பதிப்பாளர் பெயர் இருக்கும். ரோமில் கடை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் பூஷார்தான் அவர். 1761-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் போய், பிரனேசி பெயர் வந்துவிடும்.

3. ரோமன் எண். படத்தில் தகட்டு எண் இப்படி இருந்தால் முதல் பதிப்பு இல்லை. முதலில் 14 தகடுகள், பிறகு 16. II, V இரண்டும் புதிதாகச் சேர்ந்தவை. யாராவது II-ஐ ‘முதல் பதிப்பு’ என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

4. XVI-ஆம் தகட்டில் உள்ள தூண். ‘பெருகும் துணிச்சலை அச்சுறுத்த’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி அதில் பொறித்திருக்கும். முதல் பதிப்பில் அது கிடையாது.

5. ஆண்டு. ஆளைச் சுற்றவிடும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். பிரனேசி புதுத் தகடு வாங்கி மறுபடி வரையவில்லை. பழைய தகட்டிலேயே திரும்ப மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டார். கோடு எவ்வளவு ஆழமாக அரிக்கிறதோ அவ்வளவு மை பிடிக்கும். அந்தக் கறுப்பு அப்படி வந்ததுதான். கூடவே புதுப் பாலங்கள், சங்கிலிகள், எங்கே போகின்றன என்றே தெரியாத படிக்கட்டுகள். இதைச் செய்த பிறகு அந்தத் தகட்டில் பழைய வடிவத்தை அச்சிடவே முடியாது.

அவர் இறந்த பின் மகன்கள் தகடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் அங்கேயும் அச்சிட்டார்கள். 1830களின் கடைசியில் போப்பரசு அவற்றை வாங்கி ரோமுக்குத் திருப்பியது; அங்கேயும் அச்சு தொடர்ந்தது. ஆக, ரோமன் எண் இருப்பதாலேயே அது 1761-இல் அச்சிட்ட தாள் ஆகிவிடாது. அருங்காட்சியகப் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டும் பெரும்பாலும் தகடு செய்த ஆண்டுதான், தாள் அச்சான ஆண்டு அல்ல.

தாளின் வயதுக்கு நிழல் பகுதிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகடு தேயத் தேய முதலில் மங்குவது மெல்லிய கீறல்கள்தான். அப்புறம் காகிதத்தின் வாட்டர்மார்க்கைப் (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் குறி) பாருங்கள்.

பின்சேர்க்கை: முகப்புத் தகட்டில் பதிப்பாளர் பெயரில் ‘பி’க்கு (B) அடுத்து ஒரு ‘ஓ’ (O) கூடுதலாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் முதல் பதிப்புதான், கொஞ்சம் பிந்தி அச்சானது. சட்டம் போட்ட பிரதியில் எண் தெரியவில்லை என்பவர்கள், சுற்றியிருக்கும் அட்டையை விலக்கிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் ஒன்று கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.