தண்ணீர் வந்தால் கத்தும் பெட்டி: பேட்டரியை எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எந்த ராத்திரி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பெட்டி: வாய்க்காலில் இரண்டு கம்பி, மோட்டார் கொட்டகையில் பஸ்ஸர், நடுவில் பேட்டரியில் ஓடும் ஒரு சிப். தண்ணீர் கம்பியைத் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். போன குறுவையில் முறைத் தண்ணீர் வந்தது, பெட்டி கத்தவில்லை. காலையில் மீட்டர் வைத்தால் பேட்டரியில் இன்னும் 2.1 வோல்ட் இருக்கிறது, சிப் மட்டும் அப்படியே உறைந்து நிற்கிறது.

தப்பு என்னுடையதுதான், திருத்திச் செய்ததைச் சொல்கிறேன்.

1. பூட்லோடர் (அர்டுயினோவுக்காக முன்பே ஏற்றிய சின்ன புரோகிராம்) இல்லாத ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும் இரண்டு ஏஏ அல்கலைன் பேட்டரியும் வாங்குங்கள். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும், அதைத் தொடாதீர்கள். நான் 8-க்கு ஏற்றியிருந்தேன். 1.8 வோல்ட்டில் 4 மெகாஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம், 10-க்கு 2.7 வேண்டும், பேட்டரி இறங்க இறங்க வேகமான சிப் தப்புத் தப்பாகக் கணக்குப் போடும்.

2. அர்டுயினோ ஊனோ போர்டை புரோகிராமராக வைத்து, ஃப்யூஸில் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்டுகள்) பிரவுன்-அவுட் என்ற குறைவோல்ட் காவலை 1.8 வோல்ட்டுக்கு வையுங்கள். புது சிப்பில் இது அணைந்தே இருக்கும். வோல்ட் அதற்குக் கீழே போனால் சிப்பைத் தாறுமாறாக ஓடவிடாமல் ரீசெட்டில் பிடித்து வைக்கும். இது சுமார் 20 மைக்ரோ ஆம்பியர் தின்கிறதே என்று நானும் அணைத்தே விட்டிருந்தேன். கணக்குப் பாருங்கள், வருஷத்துக்கு 175 மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியில் இருப்பதோ 2000-க்கு மேல். இதிலா கஞ்சத்தனம்?

3. கஞ்சத்தனம் வேறு இடத்தில் காட்டுங்கள். சிப்பைத் தூங்கவிட்டு, வாட்ச்டாக் டைமரால் (சிப்புக்குள் இருக்கும் அலாரம்) 8 வினாடிக்கு ஒருமுறை எழுப்பினால் போதும், தண்ணீர் ஒன்றும் ஓடிப்போகாது. தூங்கும் முன் ஏடிசியை (வோல்ட்டை அளக்கும் பகுதி) அணையுங்கள். பவர் எல்.ஈ.டி. வேண்டவே வேண்டாம், 3 மில்லி ஆம்பியர் எல்.ஈ.டி. ஒன்றே சுமார் ஒரு மாதத்தில் பேட்டரியைக் குடித்துவிடும்.

4. கம்பிக்கு மின்சாரம் பார்க்கும் நேரத்தில் மட்டும், சில மில்லி வினாடி. எப்போதும் கொடுத்தால் செம்பு பச்சை பூத்து அரித்துவிடும். நான் இப்போது பழைய எவர்சில்வர் ஸ்பூன் இரண்டு வைத்திருக்கிறேன்.

5. 3 வோல்ட் பஸ்ஸரை டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள், பேட்டரிக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும் கிழட்டு பேட்டரி, பஸ்ஸர் கத்தும்போதுதான் சரியும். அதனால் தினம் ஒருமுறை பஸ்ஸரை ஒரு கணம் அடித்து, அந்த நேரத்திலேயே சிப்புக்குள் இருக்கும் மாறாத 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்து பேட்டரியை அளந்து, 2.2-க்குக் கீழே என்றால் மூன்று பீப் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சுவர்க் கடிகாரத்தில் தீர்ந்துபோன பேட்டரியைப் போட்டு, ஸ்பூனை ஒரு சொம்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து தடவை நனைத்துப் பாருங்கள். கத்தினாலும் சரி, ரீசெட் ஆனாலும் சரி. ஒரு தடவை உறைந்தாலும் வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.