6 ஜிகாபிட் சாட்டா ஏன் 750 மெகாபைட் தராது? பிட் வேகத்தை பைட்டாக மாற்றும் முறை

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா போர்ட்டின் வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட், அதாவது 6000 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று 6000-ஐ 8-ஆல் வகுத்தால் 750 மெகாபைட் வருகிறது. ஆனால் எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியை (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) மாட்டினாலும் 560-ஐ ஒட்டி நின்றுவிடும். டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. சாட்டாவுக்கு 8-ஆல் அல்ல, 10-ஆல் வகுக்க வேண்டும்.

சாட்டா கேபிளில் தரவுக்குத்தான் கம்பி உண்டு, கடிகாரத் துடிப்புக்கென்று தனிக் கம்பி கிடையாது. வெறும் 0 அல்லது வெறும் 1 நீளமாகத் தொடர்ந்து வந்தால், எத்தனை பிட் வந்தது என்று மறுமுனைச் சிப்பால் எண்ண முடியாது. அதனால் 8 பிட்டை எடுத்து, 0-வும் 1-ம் அடிக்கடி மாறி வருகிற 10 பிட் குறியாக மாற்றி அனுப்புகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 6 ஜிகாபிட் இந்தக் குறிகளையும் சேர்த்த கணக்கு. 6000-ஐ 10-ஆல் வகுத்தால் 600. கட்டளைகளுக்கும் பொட்டலத் தலைப்புகளுக்கும் போக மீதிதான் அந்த 550, 560. பழைய 3 ஜிகாபிட் சாட்டாவுக்கு 300, 1.5-க்கு 150.

யுஎஸ்பி 3.0-இன் 5 ஜிகாபிட்டும் இதே குறியாக்கம்தான், உச்சம் 500 மெகாபைட். 10 ஜிகாபிட் யுஎஸ்பியில் முறை மாறுகிறது: 128 பிட் தரவுக்கு 132 பிட் அனுப்பினால் போதும். 10000-ஐ 8-ஆல் வகுத்து 128/132-ஆல் பெருக்குங்கள்; 1212 வரும். நடைமுறையில் 1000-ஐக் கொஞ்சம் தாண்டினாலே நல்ல வேகம்.

மதர்போர்டில் கார்டுகளையும் வேகமான எஸ்எஸ்டிகளையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் வேகத்தை ஜிகாபிட் என்று சொல்லாமல் நொடிக்கு இத்தனை ஜிகா டிரான்ஸ்ஃபர் என்பார்கள். அதுவும் குறியாக்கத்தோடு சேர்ந்த எண்தான். முதல் இரண்டு தலைமுறைகளுக்கு (2.5, 5) 10-ஆல் வகுக்க வேண்டும்: லேனுக்கு (தரவு போகும் ஒரு பாதைக்கு) 250, 500. மூன்றாம் தலைமுறையில் (8) 128/130 வருகிறது: 8000 ÷ 8 × 128/130, அதாவது லேனுக்கு சுமார் 985. நான்கு லேன் என்றால் 3938. நான்காம் தலைமுறையில் இது இரட்டிப்பாகி 7877.

கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே சொல்லப்படும் 1 ஜிகாபிட், குறியாக்கம் போக மிஞ்சுகிற வேகம். அதனால் 10-ஆல் வகுக்கக் கூடாது, 8-தான் சரி: 125 மெகாபைட். அதில் ஒவ்வொரு 1460 பைட் தரவுக்கும் தலைப்புகள், இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் போகிறது. 125 × 1460/1538, அதாவது 118-க்குச் சற்று மேல். வீட்டு இணைய இணைப்பின் 100 மெகாபிட்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் 11.8.

இதெல்லாம் சரியாகப் போட்டும் திரையில் வேறு எண் தெரிந்தால், அலகைப் பாருங்கள். தயாரிப்பாளர்களுக்கு மெகாபைட் என்பது 10,00,000 பைட். விண்டோஸ் 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்று காட்டுகிறது. டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் 560 காட்டும் அதே வேகத்தை விண்டோஸ் 534 என்று சொல்லும். 1.048576-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள்.

கோப்பு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று பார்க்க, வழியிலுள்ள ஒவ்வொன்றையும் மெகாபைட்டுக்கு மாற்றி, மிகக் குறைந்ததை மட்டும் எடுங்கள். 50 ஜிகாபைட் வீடியோவை என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து (பிசிஐ எக்ஸ்பிரஸில் ஓடும் எஸ்எஸ்டி) ஜிகாபிட் ஈதர்நெட் வழியாக நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) அனுப்பினால், 50,000 ÷ 118 = 424 நொடி, ஏழு நிமிடம். எஸ்எஸ்டி 7000-இல் படிக்கிறதா, 500-இல் படிக்கிறதா என்பதால் இங்கே ஒரு நொடிகூட மிச்சமாகாது.

கணக்கின் பெரிய பயன் பழுது பார்ப்பதில்தான். கோளாறுகள் தமக்கென்று ஒரு எண்ணை விட்டுச் செல்கின்றன. அந்த ஏழு நிமிட வேலை 11 மெகாபைட் வேகத்தில் ஊர்ந்து எழுபது நிமிடத்துக்கும் மேல் ஆனால், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. முதலில் கேபிள் முனையின் கனெக்டரை மாற்றி, கருவியால் அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்).

வெளிப்புற எஸ்எஸ்டி 40-ஐத் தாண்டாவிட்டால் அது யுஎஸ்பி 2.0. பெரும்பாலும் போனோடு வந்த டைப்-சி சார்ஜிங் கேபிளை மாட்டியிருப்பார்கள். அதில் வேகமான கம்பிகளே இருக்காது. சாட்டா எஸ்எஸ்டி 280 பக்கம் நின்றால் 3 ஜிகாபிட்டில் ஓடுகிறது. டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சாட்டா 300, 600 என்று இரண்டு எண் தெரியும்: முதலாவது இப்போதைய வேகம், அடுத்தது டிஸ்க்கால் முடிந்த வேகம். இரண்டும் வேறாக இருந்தால் போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். நான்கு லேன் என்விஎம்இ 1800-க்கு மேல் போகவில்லை என்றால், ஸ்லாட் மூன்றாம் தலைமுறையின் இரண்டு லேனாக இருக்கலாம் (985 × 2); மதர்போர்டு கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

முதல் சில ஜிகாபைட் வேகமாகப் போய், பிறகு திடீரென்று சரிந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அது எஸ்எஸ்டியின் எழுதும் கேஷ் (தரவை முதலில் வேகமாக வாங்கிவைக்கும் தற்காலிக இடம்) நிரம்பியதால் வருவது. கேபிளை மாற்றிப் பயனில்லை.