கம்ப்யூட்டர் வைரஸ் திரும்பத் திரும்ப வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தால்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உயிர் வரும். ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டூடியோக்காரர் கொடுத்த பென் டிரைவைச் செருகிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்ததில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரிடம் இருக்கும் வைரஸ் பட்டியல் பழசாகியிருக்கும். முதலில் நெட்டை இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தி, அது முடியும்வரை பென் டிரைவை மேஜையிலேயே வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. 11-க்கு மாற முடியாத, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடர்ந்து தரும் நீட்டிப்புத் திட்டத்திலும் சேராத பழைய கம்ப்யூட்டரில் பேங்க் வேலை செய்யாதீர்கள்.

பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், "போட்டோ எல்லாம் போச்சே" என்று உடனே ஃபார்மேட் போடுவது பெரிய தவறு. பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. வைரஸ் நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஷார்ட்கட்டைத் தொடாமல் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதிலும், தெரிந்த வகை ஃபைல்களின் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் வரியிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். நிஜ ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். உள்ளேயிருந்து படம், வீடியோ, பிடிஎஃப் மட்டும் எடுத்த பிறகு பென் டிரைவை ஃபார்மேட் செய்யலாம். 'இசைகுடிமானம்.பிடிஎஃப்' (கல்யாணத்தில் எழுதும் பத்திரம்) என்று பார்த்த ஃபைலுக்குக் கடைசியில் '.இஎக்ஸ்இ' என்று வால் முளைத்திருந்தால் அது பிடிஎஃப் இல்லை, புரோகிராம். திறக்கவே கூடாது.

ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுப்பதில் கம்ப்யூட்டர் ஊர்வதுதான் மிச்சம். ஒன்று போதும்.

ஸ்கேன் 'சுத்தம்' என்று சொல்லியும் தொல்லை தொடர்கிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கப்பட்ட இடங்களின் பட்டியல் அது. கிராக் சாஃப்ட்வேர் போடும்போது 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்று சொல்வார்கள். அந்த இடைவெளியில் உள்ளே வருவது, தான் இருக்கும் ஃபோல்டரையே இங்கே எழுதிவைத்துக்கொள்ளும். சில சமயம் சி டிரைவ் முழுவதுமே விலக்குப் பட்டியலில் இருக்கும். நீங்கள் போடாத எதையும் நீக்கிவிட்டுத்தான் ஸ்கேனைத் தொடங்க வேண்டும்.

விண்டோஸ் ஓடும்போதே ஸ்கேன் செய்வதும் சில வைரஸிடம் பலிக்காது. அழிக்க அழிக்க, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராம் அதைத் திரும்ப எழுதிவிடும். 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் வருவதற்கு முன்பே சுமார் 15 நிமிஷம் தேடும். திறந்திருப்பதை சேவ் செய்துகொள்ளுங்கள். யுபிஎஸ் இல்லாத வீட்டில் கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதே ஜன்னல் வந்தால், ஆன் செய்ததும் தானாக ஓடுபவற்றைப் பட்டியல் போட்டுக் காட்ட மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' கருவியில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சந்தேகமானதை டெலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாக எடுத்துவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ தளத்தில் 'அலோ' அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்தால் நின்றுவிடும். அதிலுள்ள நம்பருக்குப் போன் செய்து, எதிர்முனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவிடும் ஆப்) போட்டுவிடாதீர்கள். குரோமில் நீக்கிய எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேரும் குட்டி புரோகிராம்) மறுநாளே வந்து உட்கார்ந்தால், அதே கணக்கில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சிங்க் வழியாக வந்திருக்கலாம். அங்கேயும் நீக்க வேண்டும்.

எதற்கும் மசியாவிட்டால் ஃபார்மேட்தான். ஆனால் சர்வீஸ் கடைகளில் வழக்கமாக சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்துவிட்டு, போட்டோவும் பழைய செட்டப் ஃபைல்களும் கிடக்கும் டி டிரைவைத் தொடமாட்டார்கள். சாலிட்டி, ராம்னிட் போன்ற வைரஸ்கள் டி-யில் இருக்கும் இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். புது விண்டோஸில் பழைய பிரின்டர் செட்டப்பை ஒருமுறை ஓட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண். டி-யில் இருக்கும் செட்டப் ஃபைல்களை அழித்துவிட்டு, பிரின்டர் கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸைத் தயார் செய்து கொடுத்தால் கடைக்காரரின் கிராக் காப்பிக்கு வேலை இருக்காது. அந்தப் பென் டிரைவை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் தயார் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டரில், சுத்தம் ஆகும் முன்பே மாற்றினால் புதுசும் திருடு போகும். மொபைலிலிருந்து மாற்றுங்கள். மெயில் முதலில், பேங்க் அடுத்து. கூடவே எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். உளவு பார்க்கும் ஸ்பைவேர், நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கியை எடுத்திருந்தால் அதை வைத்தே பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வர முடியும். பணம் போயிருந்தால் முதல் வேலையாக சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.