பழைய தையல் மெஷினைத் துடைக்க உட்காரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலாகச் சுத்தம் செய்யக் கையில் எடுத்த பழைய மெஷின் ஒரு கறுப்பு சிங்கர். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கடியில் மங்கலாகத் தங்க நிறக் கொடியும் பூவும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்து, பஞ்சை வைத்து நன்றாகத் தேய்த்தேன். பிசுக்கு அருமையாக வந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு பூவின் இரண்டு இதழ்கள் மட்டும் தங்க நிறம் போய் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தன. எத்தனையோ வருஷம் தூசியைத் தாங்கிய பூ, என் கையில் ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறம் பார்த்த பல மெஷின்களிலும் இதே கதைதான். இரும்பு வார்ப்பில் செய்த மெஷின் சும்மா கிடந்து அழிந்துபோவது குறைவு. ஆர்வத்தோடு ஒருவர் எடுத்து, ஒரே நாளில் புதுசாக்கிவிட வேண்டும் என்று இறங்கும்போதுதான் திருப்பிச் சரிசெய்ய முடியாத சேதம் நடக்கிறது. அதனால் எந்தத் தவறு பிறகு சரிசெய்ய முடியாததோ, அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

பூச்சும் பூவும்

அந்தக் கறுப்பு நிறம் சாதாரண பெயின்ட் இல்லை. நிலக்கீல் கலந்த பூச்சைப் பூசி, உலையில் சுட்டு இறுக வைத்திருப்பார்கள். அதன்மேல் தங்க நிற ஒட்டுப்படம். அதற்கும் மேலே பாதுகாப்புக்கு மெல்லிசாக ஒரு அரக்கு வார்னிஷ். அரக்கு ஆல்கஹாலில் கரையும்; அமோனியாவும் அதைத் தின்றுவிடும். கண்ணாடி துடைக்கும் திரவம், கை சானிடைசர், ஸ்பிரிட் எல்லாவற்றிலும் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அரக்கு போனதும் அடுத்த தேய்ப்பில் போவது தங்க நிறம்.

சோப்புத் தண்ணீர் பாவம் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அதுவும் ஆபத்துதான். பழைய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். அதன் வழியாக ஈரம் இறங்கினால் உள்ளே துரு பிடித்துப் பூச்சு பொரிந்து எழும். அரக்கின் மேல் தண்ணீர் நின்றால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சையும், கார் பாலிஷையும் பூ இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டுமே நைஸான உப்புக்காகிதம்தான்.

சரியான வழி மெதுவானது. தையல் மெஷின் ஆயிலையே பஞ்சில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தடவி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு பழுப்பாக வரும் வரை கவலை இல்லை, அது பழைய எண்ணெய். மஞ்சளாக, மினுக்கத்தோடு வந்தால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். மறுநாள், அதற்கு மறுநாள் என்று நாலைந்து முறை செய்தால் போதும். எதைத் தடவுவதானாலும் முதலில் மெஷினின் செங்குத்தான தூணின் பின்பக்கம், கீழ் மூலையில் சோதித்துப் பாருங்கள்.

முழுசாகச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது. பூச்சு ஏற்கெனவே உரிந்து, பூ முழுவதும் போய்விட்ட மெஷின் என்றால் அடித்துக்கொள்ளலாம். பாதிப் பூவாவது மிஞ்சியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். துணி உரசி உரசித் தேய்ந்த அந்த வெளுப்பும் மெஷினின் சரித்திரம்தான். மணல் வீச்சில் சுத்தம் செய்ய அனுப்புவது அதைவிட மோசம். சுழலும் பாகங்களுக்குள் புகுந்த மணல் பிறகு தேய்த்துக்கொண்டே இருக்கும்.

வாங்கும்போது ஏமாறுவது

பழசு என்றால் அபூர்வம் என்று நினைப்பது முதல் தவறு. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மட்டும் 1913-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் வெளியே போயின. அவை சீக்கிரம் அழியாதவை என்பதால் இன்றும் நிறையவே கிடைக்கின்றன. மெஷினில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைப் பார்த்து அதுதான் தயாரித்த ஆண்டு என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் தேதி மெஷினைவிடப் பல வருஷம் பழசாக இருக்கலாம். துணி வைக்கும் மேடையின் வலது பக்கம் இருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். சிங்கரில் 1900 முதல் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் வரும். அதை வைத்து ஆண்டைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிடலாம். கம்பெனியின் நூறாவது ஆண்டைக் குறிக்கும் 1951 முத்திரை உள்ள சிங்கருக்குத் தனி விலை கேட்பவர்களும் உண்டு. அந்த முத்திரையோடு வந்தவை ஏராளம்.

2009-இல் சவூதி அரேபியாவில் ஒரு புரளி கிளம்பியது. பழைய சிங்கர் மெஷின்களுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறது என்று நம்பி, ஜனங்கள் கைப்பேசியை ஊசிக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்து, தலைசுற்றும் விலை கொடுத்தார்கள். அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் மெஷினிலும் இல்லை. யாராவது இந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலையைவிட முக்கியமான கேள்வி: சின்னப் பாகங்கள் இருக்கின்றனவா? அடிநூலைக் கொண்டுபோகும் படகு வடிவ ஷட்டில் ஓடும் மெஷினுக்கு அந்த ஷட்டிலும் நீள பாபினும் இல்லையென்றால், பளபளப்பு எவ்வளவு இருந்தும் தைக்க முடியாது. பாபின் கேஸ், மேடையின் நகரும் மூடித் தகடு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

சாய்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். மேஜையிலோ பெட்டியிலோ பொருந்திய மெஷினை இரண்டு கீல்கள்தான் தாங்குகின்றன. மெஷினின் அடியில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் அந்தக் கீல் முள்ளைக் கவ்வியிருக்கும். அவை லூசாக இருந்தால் சாய்த்ததும் மெஷின் கையோடு வந்துவிடும். வார்ப்பிரும்பு கனம் மட்டுமில்லை, நொறுங்கும் குணமும் உடையது. கீழே விழுந்தால் வளையாது, உடையும். முதலில் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அப்புறம் சாய்த்துப் பாருங்கள். வளைந்த மரமூடியின் கைப்பிடியை நம்பியும் தூக்காதீர்கள். பழைய கொக்கி கழன்றால் மூடி கையிலும் மெஷின் காலிலும் இருக்கும்.

இறுகிப்போன மெஷின்

கைச்சக்கரம் அசையவில்லை. உடனே இரண்டு கையாலும் பிடித்து முறுக்கத் தோன்றும். வேண்டாம். உள்ளே இறுகியிருப்பது பெரும்பாலும் காய்ந்து பசையாகிப்போன எண்ணெய்தான்; இல்லையென்றால் பாபின் பக்கம் சிக்கிய ஒரு துண்டு நூல். நூலைக் குறடால் எடுத்தாலே பாதி மெஷின்கள் சுற்ற ஆரம்பித்துவிடும்.

பசைதான் காரணம் என்றால், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பழைய சிங்கர் கையேடுகளே இதைத்தான் சொல்கின்றன. அருகில் நெருப்பு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பூ உள்ள பக்கம் வழியவிட வேண்டாம். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, இன்னொரு சொட்டு, இன்னொரு நாள். மண்ணெண்ணெய் விடாத மெஷின் என்றால், முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். எனக்கு ஒரு மெஷின் ஒன்பதாவது நாள்தான் விட்டது. முதலில் ஊசித்தண்டு ஒரு மயிரிழை இறங்கியது. பழுப்பாக ஒரு வளையம் தண்டின் மேல் தெரிந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஆயில். சாயங்காலம் முழுச் சுற்று சுற்றியது.

மண்ணெண்ணெய் சுத்தம் செய்யும், மசகு தராது. சுற்ற ஆரம்பித்ததும் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் போட்டே ஆக வேண்டும். துரு நீக்க விற்கும் ஸ்ப்ரேக்களும் அப்படித்தான், மசகு என்று நம்பி அப்படியே விட்டுவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் கூடவே கூடாது. தாவர எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். நீங்கள் ஒன்பது நாள் போராடிய பசை அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஸ்க்ரூ விஷயத்திலும் அவசரம் ஆகாது. திருப்புளியின் முனை ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுசாக நிரப்ப வேண்டும். ஒல்லியான முனையை வைத்துத் திருகினால் பள்ளம் சிதைந்துவிடும், அப்புறம் அது கழலவே கழலாது. சிங்கர் ஸ்க்ரூக்களின் மரை பல இடங்களில் வழக்கமான அளவு கிடையாது. தொலைத்தால் கடையில் வாங்கிப் பொருத்த முடியாது. ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுங்கள். மேல்நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் பகுதியைப் பிரிக்கும்போது எந்தத் தகடு எந்தப் பக்கம் பார்த்தது என்பது வரை பதிவாக வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம் பலரைத் திணறடிக்கிறது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு கைச்சக்கரம் சுற்றுகிறது, ஊசி நகரவில்லை. அல்லது பாபின் சுற்றும்போது ஊசி நிற்கவே மாட்டேன் என்கிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கைச்சக்கரத்தின் நடுக் குமிழுக்கு உள்ளே மூன்று காது உள்ள ஒரு வாஷர் இருக்கிறது. அதைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

1960-களிலும் அதற்குப் பிறகும் வந்த மெஷின்களில் பிளாஸ்டிக், நைலான் பல்சக்கரங்கள் வந்துவிட்டன. வயதாக ஆக அவை விரிசல் விடும். பழைய கிரீஸ் கல்லாகியிருக்கும்போது சக்கரத்தை முறுக்கினால் பல் உடையும். வாங்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

மின்சாரம்

இங்கே மட்டும் தைரியம் வேண்டாம். பழைய ஒயரின் ரப்பர் உறை காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். உடம்பு முழுக்க இரும்பு என்பதால், உறை போன ஒயர் தொட்டால் மெஷின் முழுவதும் மின்சாரம் பாயும். விற்பவர் “நேற்றுகூட ஓடியது” என்றாலும், ஒயரைத் தொட்டுப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் உங்கள் வீட்டு மின்சாரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்; 110 வோல்ட் மோட்டார் 220-இல் கருகிவிடும். சில மிதிபலகைகளிலும் மோட்டார்களிலும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கப் பழைய கெப்பாசிட்டர் இருக்கும். அது வெடித்துப் புகைவதும் உண்டு. ஒயர் வேலை தெரியாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். கிரீஸ் குழாய் உள்ள மோட்டாரில் ஆயில் விடாதீர்கள். அதற்குரிய கிரீஸ் தனி.

தைக்கவில்லை என்றால்

“எல்லாம் சுற்றுகிறது, தையல் மட்டும் விழவில்லை” என்று கொண்டுவரும் மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது ஊசியைத்தான். ஊசியின் தலைப்பக்கம் ஒரு புறம் தட்டை. எதிர்ப்புறம் உடம்பில் நீளமான பள்ளம். தட்டைப் பக்கம் ஷட்டிலை அல்லது ஊசி நூலைப் பிடிக்கும் கொக்கியைப் பார்த்திருக்க வேண்டும். நூல், பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கோர்க்க வேண்டும். இன்றைய மெஷின் பழகியவர்கள் தட்டைப் பக்கத்தைப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். சிங்கர் 15 வகையில் தட்டை இடப்புறம், நூல் வலமிருந்து இடம். 27, 28, 127, 128 வகைகளில் இதற்கு நேர்மாறு.

இப்போது பரவலாகக் கிடைக்கும் வீட்டு ஊசிதான் இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் சிங்கர் 12 போன்ற மிகப் பழையவற்றுக்கு வேறு நீள ஊசி. அது இப்போது தயாரிப்பிலேயே இல்லை. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஊசியின் எண்ணும் முக்கியம். 90 என்றால் 0.90 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய துணிக்கு 100 போட்டுத் துணி சுருங்குகிறது என்று டென்ஷனைத் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை.

பாபினில் 15 வகையும் 66 வகையும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்றின் பக்கங்கள் தட்டை, மற்றதின் பக்கங்கள் லேசாகக் குவிந்திருக்கும். மாற்றிப் போட்டாலும் சில சமயம் ஓடும், ஆனால் நூல் சிக்கும்.

டென்ஷனைத் திருகும் முன் ஃபுட் இறங்கியிருக்கட்டும். பெரும்பாலான மெஷின்களில் ஃபுட் தூக்கியிருக்கும்போது டென்ஷன் தகடுகள் விரிந்திருக்கும். அப்போது எவ்வளவு திருகினாலும் பலன் தெரியாது. நூல் கோர்ப்பது மட்டும் ஃபுட்டைத் தூக்கிவைத்து. துணி இல்லாமல் ஃபுட்டை இறக்கி ஓட்டினால் துணியை நகர்த்தும் பற்கள் ஃபுட்டில் உரசித் தேயும்.

காலால் மிதிக்கும் மெஷினில், சக்கரம் தவறான திசையில் புறப்பட்டால் நூல் உள்ளே இழுபட்டுக் கட்டிக்கொள்ளும். கைச்சக்கரத்தைச் சரியான திசையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்புறம் மிதிக்க வேண்டும். இரண்டு நாள் துணி இல்லாமல், நூல் இல்லாமல், ஃபுட்டைத் தூக்கிவைத்து மிதித்துப் பழகுங்கள். கால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு மெஷின் என்றால் தோல், தடித் தார்ப்பாய் எல்லாம் தைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கான மெஷின் வீட்டுக்கான மெஷின்தான். ஜீன்ஸின் மடிப்பு நாலு அடுக்காக வரும் இடத்தில் மோட்டாரை நிறுத்திக் கையால் சுற்றுங்கள். சக்கரம் முரண்டு பிடித்தால் அந்தத் துணி அந்த மெஷினுக்கு அதிகம்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் தையலை இரண்டடுக்குப் பருத்தித் துணியில், மேலே சிவப்பு நூல், கீழே நீல நூல் போட்டு, கையால் சுற்றித் தையுங்கள். மேல்பக்கம் நீலப்புள்ளி எட்டிப்பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் தளர்ச்சி. டென்ஷன் குமிழை கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். இதழ் வெளுத்துப்போன என் சிங்கரில் அந்த முதல் வரிசை தைத்த துணித்துண்டு இன்னும் அதன் இழுப்பறையில் இருக்கிறது. பன்னிரண்டாவது தையலிலிருந்து இரண்டு நிறமும் அதனதன் பக்கத்திலேயே நின்றன.