சாயப் பொருள்களைச் சோதிக்கும்போது நிறம் செய்யும் குழப்பங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் பயிலும் முதுகலை மாணவர்கள் ஆய்வுத் திட்டத்துக்கு மருதாணி, அவுரி, சாயவேர், சங்குப்பூ, கருப்புக் கவுனி அரிசித் தவிடு போன்றவற்றை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். கொள்ளிடக் கரையின் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கெனச் சாயச் சேலைகள் உருவான மண்ணில் இந்த நாட்டம் இயல்பானதே. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒரு பொருள் உயிரணுக்களைக் கொல்கிறதா, கிருமிகளைத் தடுக்கிறதா, ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கிறதா என்று அறியக் கல்லூரி ஆய்வகங்கள் கையாளும் முறைகளில் பெரும்பாலானவை நிற மாற்றத்தைக் கொண்டே முடிவு சொல்பவை; சோதிக்கப்படும் பொருளோ தானே நிறமுடையது.

ஆக்சிஜனேற்றத் தணிப்பை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் இது தெளிவாகத் தெரியும். ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக வெளுப்பதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். கருப்புக் கவுனியின் நிறமியான ஆந்தோசயனின் அமிலச் சூழலில் ஏறத்தாழ 510 முதல் 530 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் வலுவாக உறிஞ்சுகிறது. ஆகவே டி.பி.பி.எச். வெளுத்த பிறகும் சாற்றின் சொந்த நிறம் அளவீட்டில் எஞ்சி நின்று, அதன் திறனைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். சேர்க்காமல் சாற்றையும் மெத்தனாலையும் மட்டும் வைத்து அளந்து, அந்த மதிப்பைக் கழிக்க வேண்டும். எல்லாச் செறிவுகளுக்கும் ஒரே மெத்தனால் வெற்றுக் கரைசலைக் கழித்துவிட்டு முடித்துக்கொள்வது போதாது.

அணுக்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்.டி.டி. சோதனையில் பிழை எதிர்த் திசையில் ஓடுகிறது. அதனால்தான் இதை டி.பி.பி.எச். பிழையைவிட ஆபத்தானதாகக் கருதுகிறேன். உயிருள்ள அணுக்கள் மஞ்சள் எம்.டி.டி.யை ஊதா ஃபார்மசானாக மாற்றுகின்றன என்பது அதன் அடிப்படை. ஆனால் அஸ்கார்பிக் அமிலமும் பாலிஃபீனால்கள் எனும் தாவரச் சேர்மங்கள் பலவும் சோதனைத் தட்டில் அணுக்களே இல்லாத குழியிலும் அந்த மாற்றத்தைச் செய்துவிடும். இறந்த அணுக்கள் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் ஏறி, நச்சுள்ள சாயம் பாதுகாப்பானது என்று எழுதப்படும். அணுக்கள் இல்லாமல் ஊடகம், சாறு, எம்.டி.டி. மூன்றையும் மட்டும் சேர்த்த குழிகளைத் தட்டிலேயே ஒதுக்கிவைப்பதும், எம்.டி.டி. சேர்க்கும் முன் சாற்றை அகற்றி உப்புக் கரைசலால் அணுக்களைக் கழுவுவதும், எல்.டி.எச். கசிவு (சிதைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் நொதியை அளப்பது) போன்ற வேறொரு முறையால் முடிவைச் சரிபார்ப்பதும் இதற்கு வழி. சரிபார்க்கும் முறையும் நிறத்தை அளப்பதானால், அதற்கும் தனிக் கட்டுப்பாட்டுக் குழிகள் தேவை. மஞ்சளின் குர்குமினில் இன்னொரு தொல்லையும் உண்டு: சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில், 37 டிகிரியில், அதன் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். 48 மணி நேரச் சோதனையின் இறுதியில் நாம் காண்பது குர்குமினின் விளைவா, சிதைவுப் பொருள்களின் விளைவா என்ற கேள்விக்கு விடை தேடாத அறிக்கைகளே மிகுதி.

கிருமிச் சோதனைகளில் கரைப்பானே பலமுறை ஏமாற்றுகிறது. ஆந்தோசயனினைப் பிரித்தெடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த எத்தனாலைப் பயன்படுத்துவது வழக்கம்; அந்த அமிலத்தை அகற்றாமல் கிருமி வளர்க்கும் அகார்க் கூழின் குழியில் ஊற்றினால், சுற்றிலும் தோன்றும் தெளிந்த வளையம் அமிலத்தின் கைவரிசையாகவும் இருக்கக்கூடும். அதே அமிலம் கலந்த கரைப்பானை, அதே அளவில், அதே நடைமுறைக்கு உட்படுத்தி இன்னொரு குழியில் வைத்தால் ஐயம் நீங்கும். வளையத்தின் அகலத்தை வைத்து ஆற்றலை ஒப்பிடுவதும் தவறு. சாயவேரின் நிறமிகளான, நீரில் எளிதில் கரையாத ஆந்த்ராகுவினோன்கள் அகாரில் மெதுவாகவே பரவும் என்பதால் வளையம் சிறுத்திருக்கும். ஆற்றல் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. பல மில்லிகிராம் கச்சாச் சாற்றை 30 மைக்ரோகிராம் மருந்து கொண்ட வட்டுடன் ஒப்பிட்டு, மருந்துக்கு நிகரானது என்று எழுதுவதில் நியாயமில்லை. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைத் திரவ ஊடகத்தில் காண்பதே சரி. அங்கும் கிருமி வளர்ந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசுரின் எனும் குறிகாட்டியைச் செந்நிறச் சாறு குழப்பும் என்பதால், ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளியை அகார்த் தட்டில் வைத்து வளர்ச்சியை நேரில் பார்த்துவிடலாம்.

வெளிச்சத்தைப் பதிவு செய்யாமல் விடுவதும் பரவலான குறை. மெத்திலீன் நீலம், எரித்ரோசின், ரோஸ் பெங்கால் ஆகியவை ஒளிபட்டால் வீரியமான ஆக்சிஜனை உருவாக்கி அணுக்களைச் சிதைக்கும். இருட்டான அடைகாப்பானில் இவை சாதுவாகத் தோன்றலாம். வெயிலில் சாயத் துணி உலர்த்துபவரின் தோலுக்கு இருட்டில் செய்த சோதனை மட்டும் உத்தரவாதம் ஆகாது. செடியின் அடையாளத்தைப் பற்றி ஒரு வரி: கடையில் வாங்கிய வேரை அப்படியே சாயவேர் என்று நம்பாமல், மாதிரியைத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரக் காப்பகம் போன்ற ஓரிடத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

கிருமியைத் தடுக்கிறது என்பதையும் மனிதருக்குத் தீங்கற்றது என்பதையும் ஒன்றாக்கிவிடுவது பெரும்பிழை. இயற்கைச் சாயம் ஆகவே ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அதற்குத் துணைபோகிறது. ஐரோப்பிய மஞ்சிட்டி வேரில் உள்ள லூசிடின் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியது. மஞ்சிட்டி நிறமியால் எலிகளின் சிறுநீரகத்தில் புற்று தோன்றியதையடுத்து 2004இல் ஜப்பான் அதை உணவுச் சேர்ப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. செயற்கைப் பக்கத்தில், பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அத்தகைய மிட்டாயைத் தடைசெய்தது நினைவிருக்கும்.

செயற்கைச் சாயங்களில் ஒரு வகையான அசோ சாயங்களில் தனிக் கவனம் தேவை. குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியா அவற்றை உடைக்கும்போது வெளிப்படும் அரோமாட்டிக் அமீன்களே பல நேரங்களில் தீங்கு செய்பவை. எலியின் கல்லீரல் சாறு சேர்த்த வழக்கமான ஏம்ஸ் சோதனையில் (மரபணு மாற்றத்தைப் பாக்டீரியாவில் கண்டறிவது) இந்த உடைப்பு போதிய அளவு நடப்பதில்லை. ஹாம்ஸ்டர் கல்லீரல் சாறும் எஃப்.எம்.என். எனும் துணைநொதியும் சேர்த்து முன்கூட்டியே அடைகாக்கும் மாற்று முறையையே கையாள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் குறிப்பிட்ட 22 அமீன்கள் ஒவ்வொன்றுக்கும் துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என வரம்பு வைத்திருப்பதும் சாயத்தை உடைத்து அளக்கும் அளவையே குறிக்கிறது.

வேரின் சாற்றைச் சோதித்துவிட்டுச் சேலைக்குச் சான்று தருவது இன்னொரு வழுக்கல். சாயத்தை நூலில் பிடிக்கவைக்கப் படிகாரம் மட்டுமல்லாமல் மயில்துத்தம் எனும் செம்பு உப்பும், சில இடங்களில் குரோமிய உப்பும் சேர்க்கப்படுகின்றன. உடுத்துபவரின் தோலைத் தொடுவது இவையெல்லாம் கலந்த துணிதான் என்பதால், சாயமேற்றி அலசிய துணியைச் செயற்கை வியர்வையில், அமிலத்தன்மை உள்ளதில் ஒருமுறையும் காரத்தன்மை உள்ளதில் ஒருமுறையும் ஊறவைத்து, அந்த நீரில் உலோகத்தையும் நச்சுத்தன்மையையும் அளக்க வேண்டும்.