வெளுத்துப்போன பைபர் பாய்மரப் படகைப் பளபளப்பாக்குவது எப்படி?

பழைய படகின் மேல் கையைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் ஜெல்கோட், அதாவது பைபர் மேல் இருக்கும் பளபளப்பான நிறப்பூச்சு, வெயிலில் வெளுத்திருக்கிறது. உடனே பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம்தான், அதிலும் கெட்டிருப்பது பெரும்பாலும் மேல்தோல் மட்டுமே. அதை எடுத்தாலே பழைய நிறம் வந்துவிடும். லேசர் ரகம் மாதிரி 4.2 மீட்டர் நீள டிங்கி (சின்னப் படகு) என்றால் இரண்டு பேர் சேர்ந்து கவிழ்த்துப் பழைய டயர்கள் மேல் வைத்துக்கொள்ளலாம். நிழல் கட்டாயம்.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பழைய வாக்ஸை எடுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால் வாக்ஸ் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒட்டு பிடிக்காது.

அடுத்து விரிசல்கள். மேலே பூசி மறைத்தால் மறுபடி வரும், அதனால் கூரான முனையால் 'வி' மாதிரி கீறித் திறந்து, தூசி தட்டி, அதில் ஜெல்கோட்டை லேசாக மேடு தட்டும்படி நிரப்புங்கள். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் சுமார் 2 கிராம், டப்பாவில் போட்டிருக்கும் அளவே முக்கியம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் ஜெல்கோட்டில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். வாக்ஸ் கலக்காத ஜெல்கோட் காற்றுப்பட்டால் மேலே பிசுபிசுவென்றே நிற்கும், அதனால் பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி மூடுங்கள். கொக்கி, கயிற்றை இழுத்து நிறுத்தும் கிளீட் ஆகியவற்றைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் இருந்தால் அடியில் பைபரே ஆடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

இறுகியதும் 600 நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டபடி தேய்க்கவும். அப்புறம் 800, 1000, 1500. வழியும் தண்ணீர் படகின் நிறத்திலேயே பால்போல ஓடும், அது சரிதான். அடியில் நூல் நெசவு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தை அதோடு விட்டுவிடுங்கள். விளிம்புகளில்தான் இது சீக்கிரம் நடக்கும், அங்கே கட்டை வேண்டாம், கையாலேயே மெதுவாகத் தேயுங்கள். ஒட்டுப்போட்ட ஜெல்கோட்டைக் காய்ந்தபடி தேய்ப்பதானால் முகமூடி இல்லாமல் வேண்டாம்.

பிறகு ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டு பஃபிங் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் கருகிவிடும். கடைசியாக இரண்டு கை வாக்ஸ். டெக்கில் கால்வைக்கும் இடத்தில் மட்டும் தடவாதீர்கள், ஈரக்காலோடு ஏறினால் நேராகக் கடலில்தான்.